பொதுமக்களிடம் உள்ள ரொக்கம்

பதினைந்து நாளுக்கொருமுறை
ஒரு வெள்ளிக்கிழமையின் கணக்கு வரும்.
லோயர் பரேலில், ஒன்பதாம் மாடியில்,
ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
அதை இறக்கிக்கொள்வேன்.
ரொக்கம்.
கேட்டவுடன் கிடைக்கும் வைப்பு.
தவணை முடிந்தால் கிடைக்கும் வைப்பு.
கூட்டினால், ஏறத்தாழ, ஒரு தேசத்தின் பணம்.
கோடியில் எழுதினால் கட்டத்துக்குள் அடங்காது,
லட்சம் கோடியில் எழுதுகிறோம்.

பணம் அச்சகத்தில் பிறக்கிறது என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.
கீழே கிளையில் ஒருநாள்
டோம்பிவிலியில் வீடு வாங்கும் தம்பதிக்குக் கடன்.
கையெழுத்தின் மை காய்வதற்குள்
அதுவரை எங்குமே இல்லாத நாற்பத்திரண்டு லட்சம்
பில்டர் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.
அழுகைச் சத்தமில்லாத பிரசவம்.
அந்தப் பெண்
பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து போனாள்.

பரேஷ் தலாலுக்கு ஆறு மணிக்குள் இரண்டு பக்கம் வேண்டும்.
பணப் புழக்கம் பெருகியது என்று எழுதினேன்.
டாலருக்கு எதிரே ரூபாய் சரிந்தது என்று எழுதினேன்.
நடுவில் ஒரு 'எனவே' போடு என்றார்.

'எனவே' மூன்றெழுத்துச் சொல்.
அதன் முதுகில்
கச்சா எண்ணெய்க் கப்பல்,
தீபாவளித் தங்கம்,
எந்த ஊரிலோ யாரோ உயர்த்திய வட்டி
எல்லாவற்றையும் ஏற்றி
நடந்து காட்டு என்கிறார்.
'மேலும்' என்று போட்டேன்.
அடித்துவிட்டார்.

வாசலில் கட்டிங் சாய்.
விலை அதேதான், டம்ளரும் அதே உயரம்.
கண்ணாடியின் அடி மட்டும்
வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டு வருகிறது.
இதற்கு எங்களிடம் பத்தி இல்லை.

என் கண் நிற்பது ரொக்கத்தில்தான்.
அச்சிட்டு வெளியே போனதில்
வங்கிப் பெட்டியில் இருப்பதைக் கழி.
மிச்சமெல்லாம் பொதுமக்களிடம்.
யாரிடம், எங்கே என்று
அந்தப் பத்தி கேட்டதே இல்லை.

குர்லாவில் எங்கள் சாலில்
இமாக்குலேட் அக்கா சீட்டுப் பிடித்தாள்.
பன்னிரண்டு பேர், தலைக்கு இரண்டாயிரத்து நானூறு.
இரண்டாயிரத்து ஐந்து, ஜூலை இருபத்தாறு.
அந்த மாதச் சீட்டு வெல்டர் காஜா மைதீனுக்கு.
பணம் பிஸ்கட் டின்னில், எல்லாம் நூறு ரூபாய்த் தாள்.
மித்தி ஆறு கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது.
டின் மிதந்தது,
வாசலைக் கடந்தது,
சந்து திரும்பியது.
அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.
இரண்டு கையிலும் டிக்ஸன் இருந்தான்,
இரண்டு வயது.

மாதம் அறுநூறாக, பாவாடை தைத்து,
நான்கு வருடத்தில் காஜாவுக்குக் கொடுத்து முடித்தாள்.
கடைசித் தவணையன்று அவர் சாக்லேட் வாங்கி வந்தார்.

போன தாள்கள் இருநூற்றெண்பத்தெட்டு.
சேற்றில் கரைந்தனவோ,
மாஹிம் கடலில் கிடக்கின்றனவோ.
என் பத்தியிலிருந்து யாரும் கழிக்கவில்லை.
ஒவ்வொரு வெள்ளியும் அவற்றையும் சேர்த்துத்தான்
வளர்ச்சி விகிதம் போடுகிறேன்.

எட்டு மணி ஸ்லோ ட்ரெயினில் வீடு திரும்பினால்
படியில் மறித்துக் கேட்கிறாள்:
"ஏட்டி, டாலர் இன்னைக்கு எவ்வளவு?"
டிக்ஸனுக்கு இப்போது கப்பலில் வேலை, சம்பளம் டாலரில்.
சொல்கிறேன்.
"அப்போ ரூபா விழுந்தா நமக்கு நல்லதா, கெட்டதா?"

"உனக்கு இந்த மாசம் நல்லது.
கேஸ் சிலிண்டர் வர்ற வரைக்கும்."

சிரிக்கிறாள்.
அவன் அனுப்பியதில் எடுத்து வந்த கட்டை
மடியில் வைத்து எண்ணுகிறாள், மெதுவாக,
உலர்ந்த கட்டைவிரலால்.
இருபது வருடமாக
அவள் எச்சில் தொட்டுப் பணம் எண்ணுவதில்லை.

கைபேசியில் பரேஷின் அறிக்கை வந்திருக்கிறது.
'எனவே' அதன் இடத்தில் இருக்கிறது.
அடியில், நான் போட்ட உடுக்குறி,
எறும்பு அளவு எழுத்தில்:
எண்கள் தற்காலிகமானவை.

"இருநூறு குறையுது," என்கிறாள்.
மறுபடி முதலிலிருந்து.